ஆறு புள்ளிகளின் சரித்திரம்

1887-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி, ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரத்தின் கிழக்குப் பகுதியில், புனித மரியன்னை ஆலயத்தைச் சேர்ந்த ஒரு மண்டபத்தில் கூடிய ஐரிஷ் வம்சத்துப் பெரியவர்கள் சிலர், பஞ்சத்தாலும் வறுமையாலும் தாய்நாட்டைத் துறந்து வந்து ஆலைப் புகைக்கும் ஈரச் சுவர்களுக்கும் இடையே நெருங்கிக் குடியிருந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒரு வேளை ஆகாரமாவது தவறாமல் கிடைக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன், ஒரு கால்பந்துச் சங்கத்தை ஸ்தாபிப்பதென்று தீர்மானித்தார்கள். அந்தக் காரியத்துக்கு மூலபுருஷராக இருந்தவர் சகோதரர் வால்ஃபிரிட் என்னும் துறவி. 1840-இல் அயர்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோவில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். காலி வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தினந்தோறும் கண்ணாரக் கண்டவர். ஏழைச் சிறுவர்களுக்காக அவர் நடத்தி வந்த உணவுப் பந்திக்குப் பணம் தேவைப்பட்டது. பந்தாட்டம் பார்க்க ஜனங்கள் திரள் திரளாக வருவதையும், நுழைவுக் கட்டணம் கொடுப்பதையும் அவர் கவனித்தார். இவ்வாறு பிறந்த செல்டிக் சங்கம் 1888 மே 28-ஆம் தேதி தன் முதல் ஆட்டத்தை ஆடி, ரேஞ்சர்ஸ் சங்கத்தை ஐந்துக்கு இரண்டு என்ற கோல் கணக்கில் ஜயித்தது.

ஆரம்ப வருஷங்களில் மைதானத்தில் வசூலான பணத்தில் ஒரு பங்கு உண்மையாகவே பந்திக்குப் போயிற்று. ஆனால் 1892-இல் வால்ஃபிரிட்டை அவருடைய சபையினர் லண்டனுக்கு மாற்றிவிட்டார்கள். 1897-இல் சங்கம் பங்குதாரர்களைக் கொண்ட ஒரு கம்பெனியாயிற்று. எந்தப் பந்திக்காகச் சங்கம் தோன்றியதோ அந்தப் பந்தி, இதற்கிடையில், வரவு செலவுக் கணக்கிலிருந்து சத்தமின்றி மறைந்துபோயிற்று. இதைச் சொல்வதனால் அந்தத் துறவியின் கருணையைக் குறைத்து மதிப்பதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. குறை ஏற்பாட்டில்தான் இருந்தது. விளையாடியவர்கள் பெரியவர்கள், கட்டணம் கொடுத்துப் பார்த்தவர்களும் பெரியவர்கள், பிள்ளைகளுக்கு அந்த ஏற்பாட்டில் கிடைத்த ஸ்தானம் பந்தியில் வரிசையாக உட்காரும் ஸ்தானம் மட்டுமே. பணத்தை வேறு வழியில் திருப்பியபோது தடுத்துக் கேட்பதற்கு அவர்களுக்கு ஓர் ஆசனமும் இல்லை, ஒரு குரலும் இல்லை.

அதே காலத்தில் இங்கிலாந்திலும் பாதிரிமார்களும் கல்விமான்களும் தொழிற்சாலைத் தெருக்களில் திரிந்த வாலிபர்களைக் குடியிலிருந்தும் கும்பல் சண்டையிலிருந்தும் மீட்பதற்காகப் பந்தை எடுத்துக்கொண்டு போனார்கள். மான்செஸ்டரின் வெஸ்ட் கார்ட்டன் பகுதியில் ஒரு தேவாலயத்தைச் சார்ந்து 1880-இல் தோன்றிய அணிதான், பெயரும் உருவமும் மாறி, இன்று மான்செஸ்டர் சிட்டி என்று உலகம் அறிந்த சங்கமாக நிற்கிறது. அங்கே ஆடியவர்கள் அந்தத் தெருக்களின் இளைஞர்களே என்பது ஒரு முன்னேற்றம். எனினும், எப்போது ஆடுவது, எப்படி ஆடுவது, ஆட்டத்தினால் எத்தகைய குணம் உண்டாக வேண்டும் என்பனவெல்லாம் மேலிருந்து தீர்மானிக்கப்பட்டே வந்தன. ஏழைப் பிள்ளைக்கு விளையாட்டும் ஒரு தானமாகவே வந்து சேர்ந்தது. தானம் வாங்குகிறவனிடம் யாரும் யோசனை கேட்பதில்லை.

வால்ஃபிரிட்டின் கூட்டம் நடந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1987-இல், கென்யா தேசத்துத் தலைநகரமாகிய நைரோபியின் மதாரே பள்ளத்தாக்கில், இந்த வழக்கத்துக்கு மாறான ஒரு காரியம் தொடங்கிற்று. அதன் பெருமையை உணர வேண்டுமானால் முதலில் அந்த இடத்தை அறிய வேண்டும்.

மொம்பாஸாவிலிருந்து உள்நாட்டுக்கு ஆங்கிலேயர் போட்ட ரயில் பாதைக்கு 1899-இல் ஏற்பட்ட ஒரு தங்கல் நிலையமே நைரோபி. பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து, முக்கியமாகப் பஞ்சாபிலிருந்து, கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட கூலிகள். ஊர் வளர்ந்தபோது வெள்ளையர்க்கு ஒரு பகுதி, இந்தியர்க்கு ஒரு பகுதி என்று நிறத்தை அனுசரித்தே நிலம் பிரிக்கப்பட்டது. மண்ணின் சொந்தக்காரர்களான ஆப்பிரிக்கர்கள் மட்டும் வேலைக்கு வந்து போகிறவர்களாகவே மதிக்கப்பட்டார்கள். நகரத்தின் வடகிழக்கே, கட்டடங்களுக்காகக் கல் வெட்டியெடுத்த பள்ளங்களின் ஓரத்திலும், மதாரே ஆற்றின் கரையிலும், அவர்கள் மண்ணும் தகரமும் கொண்டு குடிசை போட்டுக்கொண்டார்கள். 1952-இல், ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க அவசர நிலை பிரகடனமாயிற்று. 1954 ஏப்ரலில் ராணுவம் நைரோபியை வளைத்து ஆயிரக்கணக்கான கிக்குயு இனத்து ஜனங்களைச் சிறை முகாம்களுக்கு அனுப்பியது. அந்த அவசர நிலைக் காலத்தில் மதாரேயின் குடிசைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. 1963-இல் சுதந்திரம் வந்த பிறகு பிழைப்புத் தேடி வந்தவர்கள் அதே பள்ளத்தாக்கில் மறுபடியும் குடியேறினார்கள். நிலத்துக்குப் பட்டா இல்லை, குழாய் இல்லை, கழிவுநீர் ஓட வழியில்லை. சட்டத்தின் கண்ணில் இல்லாத ஊருக்குக் குப்பை வண்டி எப்படி வரும்? வருஷக் கணக்கில் சேர்ந்த குப்பை வீட்டு வாசல்களில் குன்றுகளாக எழுந்து, சாக்கடைகளை அடைத்து, மழைக்காலத்தில் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் பரப்பிக்கொண்டிருந்தது.

அந்தக் குப்பைக்கு நடுவேதான் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். பந்து என்றால் கடையில் வாங்கிய பந்தல்ல. பாலித்தீன் பைகளைச் சுருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. ஐக்கிய நாடுகளின் சுற்றுப்புற விவகாரங்களில் ஆலோசகராக நைரோபியில் இருந்த பாப் மன்றோ என்னும் கனடா நாட்டவர், இந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கண்டு, நல்ல பந்தும் ஒழுங்கான லீக் பந்தயமும் ஏற்படுத்தித் தர முன்வந்தபோது, கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தார். நீங்கள் உங்கள் பங்குக்கு ஒன்று செய்தால் நான் என் பங்குக்கு ஒன்று செய்வேன்; நீங்கள் சும்மா இருந்தால் நானும் சும்மா இருப்பேன் என்பது அந்த உடன்படிக்கையின் சாரம். பிள்ளைகள் தங்கள் பங்காகச் செய்ய வேண்டியது, தாங்கள் குடியிருக்கும் இடத்தைத் தாங்களே சுத்தம் செய்வது. இவ்வாறு உருவான ஸ்தாபனத்துக்கு மதாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் என்று பெயர்.

உடன்படிக்கை உபதேசமாக நின்றிருந்தால் ஒரு மாதத்தில் மறந்துபோயிருக்கும். அதை அவர்கள் புள்ளிப் பட்டியலிலேயே எழுதிவிட்டார்கள் என்பதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. லீக் ஆட்டத்தில் வென்ற அணிக்கு மூன்று புள்ளி. சமமாக முடிந்தால் ஒரு புள்ளி. தன் பகுதியில் குறித்த துப்புரவு வேலையைச் செய்து முடித்த அணிக்கு ஆறு புள்ளி. வார இறுதியில் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு சாக்கடையைத் தூர் வாரிய அணி, அடுத்த ஆட்டத்தில் தோற்றாலும், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்துவிட்டு வந்து வென்ற அணிக்கு மேலே நின்றது. பதினொரு பேரில் நான்கு பேர் மட்டும் வேலைக்கு வந்தால் மற்றவர்களைக் கேள்வி கேட்பவர் சங்கத்துப் பெரியவர் அல்லர். கோப்பையை இழக்கப்போகும் சக ஆட்டக்காரர்களே. கோல் போடுவதில் கெட்டிக்காரனாக இருப்பவனும், பந்தை நேராக உதைக்கத் தெரியாமல் தவிப்பவனும், கூடையைத் தூக்கும் நேரத்தில் அணிக்கு ஒரே அளவு பயன்பட்டார்கள். குழு விளையாட்டு என்பதன் அர்த்தம் மைதானத்துக்கு வெளியிலும் நீண்டது இந்த வழியாகத்தான்.

ஒரு ஆட்சேபம் உடனே எழும். அது நியாயமான ஆட்சேபமும்கூட. நகராட்சி செய்ய வேண்டிய வேலையைப் பத்து வயதுப் பிள்ளைகள்மேல் சுமத்துவது என்ன தர்மம்? பணக்காரர் வசிக்கும் பகுதிகளில் குப்பை வாருவதற்கு அந்தந்த வீட்டுக் குழந்தைகளையா அழைக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு முழுச் சமாதானம் சொல்ல முடியாது. நகராட்சியின் குற்றம் பிள்ளைகளின் உழைப்பினால் குற்றமில்லாமல் ஆகிவிடாது. ஆனால் பிள்ளைகளின் நிலையில் நின்று பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. அதுவரை அவர்களைத் தேடி வந்தவர்கள் இரண்டே வகையினர்: விரட்ட வந்தவர்கள், கொடுக்க வந்தவர்கள். உன்னால் ஒன்று ஆகவேண்டியிருக்கிறது, நீ செய்தால்தான் ஆகும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு மனிதனிடம் பிரதிபலன் எதிர்பார்ப்பது அவனை மதிப்பதற்கு அடையாளம் என்பது என் அபிப்பிராயம். மதாரேயின் பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு, கட்டாயம் எதுவுமில்லாத ஓர் ஏற்பாட்டில் அவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்ததே சாட்சி. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பூமி மாநாட்டின்போது, ஐக்கிய நாடுகளின் சுற்றுப்புறத் திட்டம் உலகெங்கும் பொறுக்கியெடுத்து வழங்கி வந்த குளோபல் 500 விருதை இந்தச் சிறுவர் சங்கம் பெற்றது. பிற்காலத்தில் அதன் அங்கத்தினர் தொகை 20,000-ஐத் தாண்டிற்று.

புள்ளிப் பட்டியலைவிட முக்கியம் என்று நான் கருதுவது நிர்வாகம். பகுதி பகுதியாகப் பிள்ளைகளே தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பிரதிநிதிகள் மேல் கமிட்டிகளை அமைத்தார்கள். பந்தய அட்டவணையையும், நடுவர் நியமனத்தையும், தண்டனையையும் தீர்மானித்தவர்கள் இருபது வயது நிரம்பாதவர்கள். வயதில் மூத்த பிள்ளைகள் இளையோருக்குப் பயிற்சியாளர்கள். நடுவரோடு சண்டை பிடித்து வெளியேற்றப்பட்டவன், மறுபடி ஆடுவதற்கு முன், சிறுவர்களின் ஆட்டங்களுக்குத் தானே நடுவராக நின்று விசிலூத வேண்டும். பிறர் கூச்சலைத் தன் காதால் கேட்டு வந்தவனுக்கு வேறு போதனை தேவைப்படவில்லை. மஞ்சள், சிவப்பு அட்டைகளோடு பச்சை அட்டை ஒன்றையும் அவர்கள் ஏற்படுத்திக்கொண்டார்கள். ஆட்டத்தில் பெருந்தன்மையோடு நடந்துகொண்டவருக்கு நடுவர் காட்டுவது அது.

தலைமைப் பரிசு என்னும் ஏற்பாடும் இந்த வகையைச் சேர்ந்ததே. கென்யாவில் பள்ளிச் சம்பளம் கட்ட முடியாமையே அநேகம் பிள்ளைகளை வீதிக்குத் தள்ளிய காரணம். துப்புரவு, பயிற்சி, நடுவர் வேலை முதலிய தொண்டுகளுக்காகச் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு பரிசுக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுத்து, பரிசுத் தொகையை அவர்கள் விரும்பிய பள்ளிக்கூடத்துக்கே நேரில் செலுத்தினார்கள். அந்தப் பிள்ளை தலைமையாசிரியர் முன்னே போய் நிற்கும்போது தன் சம்பளத்தைத் தானே சம்பாதித்த கௌரவத்தோடு நின்றது.

பெண் பிள்ளைகள் இதில் சேர்ந்த கதை தனியாகச் சொல்லத் தக்கது. முதல் சில ஆண்டுகள் இது ஆண் பிள்ளைகளின் சங்கமாகவே இருந்தது. 1992-இல்தான் பெண்களின் ஆட்டம் தொடங்கிற்று. தண்ணீர் சுமப்பதும், அடுப்பு மூட்டுவதும், தாய் வேலைக்குப் போன வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் தலையில் இருந்தன. மகள் பொழுது சாய்ந்து வீடு திரும்புவதற்கு எந்தத் தாயும் சம்மதிப்பதில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் அவ்விதம் அஞ்சுவதற்குப் போதிய காரணமும் இருந்தது. ஆகவே சங்கத்துப் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினார்கள். பகல் வெளிச்சத்திலேயே முடியும்படி ஆட்டங்களை வைத்தார்கள். தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த பெண்கள், கோட்டுக்கு வெளியே அவர்களை உட்கார வைத்துவிட்டு ஆடினார்கள். பெண் கால் நீட்டிப் பந்து உதைப்பதா என்று சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் நார்வே தேசத்து ஆஸ்லோ நகரில் வருஷந்தோறும் கூடும் நார்வே கப் பந்தயத்துக்கு, ஆண் பிள்ளைகளைப் போலவே மதாரேயின் பெண் பிள்ளைகளும் கடல் கடந்து போய் வர ஆரம்பித்தபோது, சிரிப்பின் தொனி மாறிற்று.

மைதானத்தில் வளர்ந்த நம்பிக்கை மற்றக் காரியங்களுக்கும் பரவியது. எய்ட்ஸ் நோய் ஒரு தேசியப் பேராபத்து என்று கென்ய அரசாங்கம் பிரகடனம் செய்தது 1999-இல். அந்தப் பேச்சை எடுப்பதற்கே பெரியவர்கள் கூசிக்கொண்டிருந்த 1994-லேயே, இந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அதைப்பற்றிக் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். வீதியில் சுற்றியதே குற்றமாகப் பிடிபட்டு அடைபட்டுக் கிடந்த சிறுவர்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுப்பதும், அவர்கள் இருந்த அறைகளைச் சுத்தம் செய்வதும், சொந்த ஊரையும் வீட்டையும் விசாரித்து அவர்களைக் கொண்டு சேர்ப்பதும் மற்றொரு பணியாயிற்று. இதையெல்லாம் செய்தவர்கள், அந்தச் சிறுவர்களின் இடத்தில் தாங்களே இருந்திருக்கக்கூடும் என்பதை அறிந்தவர்கள்.

1994-இல் சங்கம், வளர்ந்த ஆட்டக்காரர்களுக்காக மதாரே யுனைட்டெட் என்னும் அணியை அமைத்தது. இங்கேதான் கிளாஸ்கோவின் சரித்திரம் திரும்பிவிடுமோ என்ற அச்சத்துக்கு இடம் உண்டு; புகழும் பணமும் வரும்போது தொண்டு பின்னால் தள்ளப்படுவது உலக இயல்பு. அதை முன்னறிந்தவர்களைப் போல, சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரும் மாதந்தோறும் குறித்த நேரத்தைச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலும் சமூகத் தொண்டிலும் செலவிட்டாக வேண்டும் என்று விதி செய்திருந்தார்கள். அந்த அணி 1998-லும் 2000-லும் கென்யாவின் மோய் தங்கக் கோப்பையை வென்றது. 2004-இல் துனீசியாவில் ஆப்பிரிக்கக் கோப்பைப் பந்தயத்தில் கலந்துகொண்ட கென்யத் தேசிய அணியில் மதாரேயில் வளர்ந்தவர்கள் பலர் இடம் பெற்றார்கள். 2003-லும் 2004-லும் சங்கத்தின் பெயர் நோபல் சமாதானப் பரிசுக்கு முன்மொழியப்பட்டது.

2007-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துத் தேர்தலுக்குப் பின் கென்யாவில் மூண்ட இனக் கலவரத்தில் 1,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மதாரேயின் சந்துகளில் அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். குடிசைகள் வரிசையாக எரிந்தன. கிக்குயு, லுவோ, லுஹ்யா என்று பல குலத்துப் பிள்ளைகளும் ஒரே அணியில் இருபது ஆண்டுகள் ஆடி வந்த இடத்திலேயே இது நேர்ந்தது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. விளையாட்டு எல்லாவற்றையும் ஆற்றும் என்று சொல்கிறவர்கள் 2008 ஜனவரி மாதத்தை ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டும். நிலமும் வேலையும் ஆட்சியும் சம்பந்தப்பட்ட பகைமையைப் பந்து தீர்த்து வைக்காது. அதே ஆண்டின் இறுதியில் மதாரே யுனைட்டெட், தன் சரித்திரத்தில் முதன்முறையாக, கென்யப் பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது. ஒன்று மற்றொன்றுக்குப் பரிகாரம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே பள்ளத்தாக்கில் ஒரே ஆண்டில் நடந்தன.

இந்த இடத்தில் நம் சென்னை மாநகரமும் சரித்திரத்துக்குள் வருகிறது. 2010-இல் தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தயாரானபோது, டர்பன் நகரத்து வீதிகளில் உறங்கிய பிள்ளைகளை, விருந்தினர் கண்ணில் படாதபடி, வாரி ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே இறக்கிவிடும் கொடுமையைக் கண்டித்துத் தொண்டர்கள் குரல் எழுப்பி வந்தார்கள். அதே நகரத்தில், உலகக் கோப்பைக்குச் சில மாதங்கள் முன்னதாக, வீதிப் பிள்ளைகளுக்கென்றே ஓர் உலகக் கோப்பை நடந்தது. இந்தியாவின் சார்பில் சென்றவர்கள் சென்னைத் தண்டையார்பேட்டையின் கருணாலயம் என்னும் ஸ்தாபனத்தைச் சார்ந்த பிள்ளைகள். இறுதி ஆட்டத்தில் டான்ஸானியாவை வென்று கோப்பையை அவர்களே எடுத்து வந்தார்கள். 2019-இல் நடந்த வீதிப் பிள்ளைகளின் முதல் உலகக் கிரிக்கெட் கோப்பையிலும், ஆணும் பெண்ணும் கலந்து ஆடிய தென்னிந்திய அணி, லண்டன் லார்ட்ஸ் மைதானத்து இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து அணியை வென்றது.

இத்தகைய பிள்ளைகள் கடல் கடந்து ஆடப் போவதில் பெரிய தடை ஆட்டத் திறமையன்று, பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று வேண்டும், விலாசம் வேண்டும். நடைபாதையில் பிறந்த குழந்தைக்கு முன்னது பல வேளை எழுதப்படுவதே இல்லை, பின்னது இருந்ததே இல்லை. பட்டா இல்லாத மதாரேக்குக் குப்பை வண்டி வராததும், சான்று இல்லாத சென்னைச் சிறுவனுக்குப் பள்ளிக்கூட வாசல் திறக்காததும் ஒரே வியாதியின் இரு குறிகள். டர்பனில் ஆட்டங்களோடு சேர்த்தே ஒரு மாநாடு கூட்டப்பட்டது. அதில் பிள்ளைகள் தங்கள் அனுபவத்தைத் தாங்களே எடுத்துரைத்தார்கள். அதன் பயனாக டர்பன் பிரகடனம் என்னும் கோரிக்கைப் பத்திரம் வெளிவந்தது. அன்று முதல் இந்தப் பந்தயங்கள் எங்கே நடந்தாலும் மைதானத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளின் சபையும் கூடுகிறது. 2023 செப்டம்பரில் வீதிப் பிள்ளைகளின் உலகக் கிரிக்கெட் கோப்பை சென்னையிலேயே நடந்தது. பல தேசங்களிலிருந்து ஆட வந்த பிள்ளைகள் மட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்து, அடையாளச் சான்றும் கல்வியும் பாதுகாப்பும் வேண்டும் என்று, தங்கள் அரசாங்கங்களை நோக்கித் தாங்களே பேசினார்கள்.